கொல்லிமலைக்கு முதல் தடவையா? பர்ஸையும் பிரேக்கையும் பார்த்துட்டு ஏறுங்க



டெல்லிக்கு முதல் தடவை போறவங்களுக்கு எதைப் பார்க்கணும், எங்கே ஏமாறக் கூடாதுன்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. சிங்கப்பூருக்கு அதைவிட அதிகம். செம்மேடுன்னு ஒரு தலைநகரம் இருக்கே, அதுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?

சிரிக்காதீங்க. நாமக்கல் மாவட்டத்துல கொல்லிமலை ஒரு தனி தாலுகா. அதோட தலைமையிடம் செம்மேடு. ஒரு கடைவீதி, பஸ் நிக்கிற இடம், அரசு ஆபீஸுங்க, கையில வில்லோட குதிரை மேல உட்கார்ந்திருக்கிற வல்வில் ஓரி சிலை. அவ்வளவுதான் ஊர். ஆனா மலைமேல நீங்க எங்கே போகணும்னாலும் இங்கே வந்துதான் திரும்பணும்.

நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டு இருக்கிறப்போ அடிக்கடி வர்ற கேள்வி: "ப்ரோ, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு, லோன் போடாம ஒரு ட்ரிப் போகணும், எங்கே போறது?" என் பதில் கொல்லிமலை. அதுக்குக் காரணம் இருக்கு. நானே அங்கே ரெண்டு தடவை போயிருக்கேன். 2022-ல நாலு பேரா போனப்போ தலைக்கு 12,100 ரூபாய் ஆச்சு. 2024-ல அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்தே 5,860 தான். மலை அதேதான். என்ன மாறுச்சுன்னு சொல்றேன்.

முதல் தடவை நாங்க பண்ண கூத்து

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து முடிவு பண்ணோம். அன்னிக்கு ராத்திரியே தட்கல்ல சேலம் வரைக்கும் டிக்கெட். ஆப்ல ரூம் தேடினா சனிக்கிழமைக்கு மிச்சம் இருந்தது ரெண்டே ரூம், ஒண்ணு 3,800 ரூபாய். "வேலி வியூ"ன்னு போட்டிருந்துச்சு. போய்ப் பார்த்தா ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேர்னு பனிமூட்டம். அடுத்த நாள் காலையில 10 மணி வரைக்கும் அது விலகவே இல்லை. வியூவுக்குன்னு கொடுத்த காசு மூட்டத்துக்குள்ளேயே போச்சு.

ரூம், டிக்கெட், சாப்பாடு, கேம்ப்ஃபயர் சார்ஜுன்னு ஒண்ணு (விறகு நாலு கட்டை), பெட்ரோல், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து தலைக்கு 6,600. கொஞ்சம் அதிகம்தான். ஆனா தாங்கலாம். மீதி 5,500 எப்படி வந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

சேலத்துல ஒருத்தர்கிட்ட ரெண்டு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாளைக்கு 800 ரூபாய். கடைன்னு எதுவும் கிடையாது, வீட்டு வாசல்லயே வண்டி நின்னுச்சு. ஆர்.சி. ஜெராக்ஸ் கொடுத்தார், ஆதார் ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கிட்டார். ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போது என் ரூம்மேட் ஓட்டின வண்டியில, முப்பது வளைவு தாண்டியிருப்போம், பிரேக் லிவர் கைப்பிடி வரைக்கும் போகுது, வண்டி நிக்க மாட்டேங்குது. நல்லவேளையா அவன் பள்ளத்துப் பக்கம் போகாம மலைச்சுவர் பக்கம் சாய்ச்சுட்டான். காலர் எலும்பு முறிஞ்சது. பின்னாடி உட்கார்ந்திருந்தவனுக்கு முட்டி சிராய்ப்பு.

ஆஸ்பத்திரி செலவை அவனோட கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பார்த்துக்கிச்சு. ஆனா வண்டிக்காரர் 22,000 கேட்டார். "இன்சூரன்ஸ் இருக்குல்ல அண்ணா?"ன்னு கேட்டா அவர் பதிலே சொல்லலை. அப்புறம்தான் விசாரிச்சோம். அது வெள்ளை நம்பர் பிளேட் வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவானது. அதை வாடகைக்கு விட்டா, தனியார் உபயோகத்துக்குன்னு எடுத்த பாலிசியில க்ளெய்ம் கேட்க முடியாது. ஆதார் அவர் கையில. வேற வழி?

ரூம்மேட் கிரெடிட் கார்டுல 22,000 தேய்ச்சான். நாங்க மூணு பேரும் ஆளுக்கு 5,500 தர்றோம்னு சொன்னோம். சொன்னோமே தவிர, கொடுக்க ரெண்டு மாசம் ஆச்சு. அவன் மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு இருந்தான். மாசம் 3.5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா 22,000-க்கு முதல் மாச வட்டி மட்டும் 770 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி., இன்னொரு 138 ரூபாய். கை உடைஞ்சு வீட்டுல உட்கார்ந்திருந்தவன் தலையில அந்த வட்டியையும் ஏத்தினோம். இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வெட்கமா இருக்கு.

70 வளைவு: முதல்ல இதைப் படிச்சுட்டு மத்ததைப் படிங்க

அடிவாரத்துல காரவள்ளி. அங்கிருந்து மேலே போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும், எண்ணிட்டே போகலாம். மலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல. ஊட்டி அளவுக்கு உயரம் இல்லை, ஆனா ரோடு நெட்டுக்குத்தா ஏறும்.

பைக் பிரியருங்க இந்த ரோட்டுக்காகவே வர்றாங்க, அதுல தப்பு இல்லை. ஆனா கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இறங்குறது வேற கதை. கியர் வண்டின்னா ரெண்டாவது கியர்ல போட்டா எஞ்சினே வேகத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஸ்கூட்டர்ல அந்தப் பிடிப்பு ரொம்பக் கம்மி. வேகத்தை அடக்குற வேலை முழுக்க பிரேக் தலையில விழும். தொடர்ந்து பிடிச்சுக்கிட்டே வந்தா பிரேக் சூடாகி, ஒரு கட்டத்துல பிடிக்கிற சக்தியே குறைஞ்சிடும். டபுள்ஸ்னா இன்னும் சீக்கிரம். கருகின வாசனை வந்தா, லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனா, ஓரமா நிறுத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, கால் மணி நேரம் சும்மா ஆற விடுங்க. அந்த நேரத்துல போட்டோ எடுங்க, கடலை சாப்பிடுங்க, என்ன வேணா பண்ணுங்க.

கார்ல போறவங்களுக்கும் இதேதான்: எந்த கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல இறக்குற ஆளு கூட வந்தா, வண்டியை விட்டு நீங்க இறங்கிடுங்க. மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு வளைவு ஹாரன். இருட்டினப்புறம் இறங்குறதை வெச்சுக்காதீங்க.

வாடகை வண்டி எடுத்தே ஆகணும்னா நம்பர் பிளேட்டைப் பாருங்க. நாமளே ஓட்டுற மாதிரி வாடகைக்கு விட அனுமதி உள்ள வண்டிக்கு கறுப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோட வர்ற டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டுல கறுப்பு எழுத்து. வெள்ளை பிளேட்டைக் காட்டி "எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறாங்க தம்பி"ன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பாலிசி பேப்பரை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஒரிஜினல் ஆதாரை யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

காரவள்ளி ரோடு வேண்டாம்னா ராசிபுரம் பக்கத்துல முள்ளுக்குறிச்சி வழியா இன்னொரு பாதையும் இருக்கு. அதுல வளைவு கம்மி. வீட்டுல பெரியவங்களை வெச்சுக்கிட்டு சொந்தக் கார்ல வர்றவங்க அதைப் பாருங்க.

பஸ்ஸுல போனா என்ன குறைஞ்சுடும்?

ரெண்டாவது தடவை அம்மாவோட நான் பஸ்ஸுல போனேன். சென்னையிலிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடியறதுக்கு முன்னாடி சேலம். அங்கே டீ குடிச்சுட்டு நாமக்கல் பஸ், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை பஸ். சேலத்திலிருந்தும் நேரா பஸ் உண்டு, ஆனா நாமக்கல்லிலிருந்துதான் அதிகம். நாமக்கல்லிலிருந்து மலைமேல சுமார் 55 கிலோமீட்டர். பெங்களூர்க்காரங்க ராத்திரி பஸ்ஸுல சேலமோ நாமக்கல்லோ வந்துடலாம். கோயம்புத்தூர்லேர்ந்து வர்றவங்களுக்கும் அப்படித்தான்.

மலைப்பாதையில தினமும் ஓட்டுற அந்த அரசு பஸ் டிரைவருங்க கை இருக்கே, அதைப் பார்க்கிறதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு. ஒரு வளைவுல எதிரே லாரி. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை, ஒரு சாண் இடைவெளியில வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க.

வாந்தி வர்ற ஆளுன்னா காலையில ரெண்டு இட்லியோட நிறுத்துங்க. முன்பக்கம் ஜன்னலோர சீட் பிடிங்க. மாத்திரை போடுறதா இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே போடணும். பத்தாவது வளைவுல போட்டு பிரயோஜனம் இல்லை.

சென்னையிலிருந்து கார்ல போய் வந்தா 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுத்தா 53 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா பெட்ரோலே 5,300. அதுக்கு மேல டோல். நாலு பேர் பங்கு போட்டா கட்டுப்படியாகும். ரெண்டு பேர்னா ரயில், பஸ்தான் கணக்குக்கு ஒத்து வரும். ரயில் டிக்கெட் இப்போ 60 நாளைக்கு முன்னாடியே எடுக்கலாம். தட்கலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு நம்ம சோம்பேறித்தனத்துக்கான அபராதம்.

ஊர்ப் பேர் பத்தி ஒண்ணு சொல்லணும். கொல்லிமலையில ஊர்களை "நாடு"ன்னு சேர்த்துத்தான் சொல்வாங்க. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, இப்படி 14 நாடு. பஸ்ஸுல யாராவது "நான் சேலூர் நாடு"ன்னு சொன்னா வேற தேசம்னு நினைச்சுடாதீங்க. நீங்க இறங்க வேண்டிய இடத்தை கண்டக்டர்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க. கூகுள் மேப்பை நம்பி உட்கார்ந்தா, சிக்னல் போற இடத்துல நீல புள்ளி நின்னுடும், பஸ் நிக்காது.

எதை எப்போ பார்க்கிறது

ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னு வர்ற கூட்டம்தான் அதிகம். விடிகாலையில கிளம்பி, மத்தியானம் அருவிக்கு ஓடி, இருட்டுல இறங்குவாங்க. அப்படிப் பண்ணாதீங்க, ஒரு ராத்திரி தங்குங்க. ரூம் காசு மிச்சம்னு நினைக்கலாம். ஆனா அவசரத்துல தனி வண்டி பேசுறதுலயே அந்தக் காசு போயிடும்.

முதல் நாளைச் சும்மா சுத்துறதுக்கு வெச்சுக்கோங்க. செம்மேடு பக்கத்துலேயே வாசலூர்பட்டி படகுத்துறை இருக்கு, தாவரவியல் பூங்கா இருக்கு. ரெண்டும் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். நல்லா நடக்கலாம், அவ்வளவுதான். சாயங்காலம் சீக்குப்பாறை காட்சி முனைக்குப் போங்க. கீழே சமவெளி விரிஞ்சு கிடக்கும். மூட்டம் வந்தா ஒண்ணும் தெரியாது, அப்படி ஆனா அடுத்த நாள் இன்னொரு தடவை எட்டிப் பாருங்க. அதுக்கு டிக்கெட்டா, ஒண்ணா? சேலூர் பக்கமும் ஒரு காட்சி முனை இருக்கு.

எட்டுக்கை அம்மன் கோயிலையும் அன்னிக்கே பார்த்துடலாம். சங்கப் பாட்டுல வர்ற கொல்லிப்பாவை இந்த அம்மன்தான்னு மலைமேல நம்புறாங்க. சிரிச்சு மயக்கி உயிரெடுக்கிற பாவைன்னு கதை. ஓரியும் அதே சங்க காலத்து ஆள்தான்: கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சார்னு புறநானூறு பேசுது. சேரனுக்காக மலையமான் காரி போர் தொடுத்து ஓரியைக் கொன்னதா பாட்டுங்க சொல்லுது. பாட வந்தவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த ஆள். எமர்ஜென்சி ஃபண்டு இருந்துச்சான்னு தெரியலை.

ரெண்டாவது நாள் காலையில, முடிஞ்சவரை சீக்கிரமா, அறப்பளீஸ்வரர் கோயில். வளப்பூர் நாட்டுல இருக்கு, செம்மேட்டிலிருந்து பஸ் போகும். பழைய சிவன் கோயில். "அறப்பளீசுர சதகம்"னு இந்தச் சாமி பேர்ல அம்பலவாணக் கவிராயர் ஒரு நூலே பாடியிருக்கார். பக்கத்துல ஐயாறு ஓடுது, அதுல மீனுங்களுக்குப் பொரி போடுறது இங்கே வழக்கம்.

அந்த ஐயாறுதான் கொஞ்ச தூரம் போய் ஆகாய கங்கையா கீழே விழுது. சுமார் 300 அடி. அருவிக்குப் போக கோயில் பக்கத்திலிருந்து படி இறங்கணும். ஆயிரத்துக்கும் மேல. இங்கேதான் முதல் தடவை வர்றவங்க கணக்கு தப்பும். பழனி, திருத்தணி மாதிரி ஏறிட்டு அப்புறம் சுகமா இறங்குற இடம் இல்லை இது. முதல்ல சுகமா இறங்கி, குளிச்சு, பசியோட, ஈரத் துணியோட ஏறணும். படியும் சில இடத்துல முட்டி உயரம். இறங்கும்போது "இதென்ன, ஒண்ணுமே இல்லையே"ன்னு சொன்ன நாங்க நாலு பேரும், ஏறும்போது இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டியிருந்தவன்தான் முதல்ல உட்கார்ந்தான்.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இறங்குங்க. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கொஞ்சம் கடலைமிட்டாய். ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ போடுங்க. மழை பெய்ஞ்சு வெள்ளம் ஜாஸ்தின்னா அருவியை மூடிடுவாங்க, சாயங்காலமும் உள்ளே விட மாட்டாங்க. அதனால இன்னிக்குத் திறந்திருக்கான்னு செம்மேட்டுலேயே கேட்டுட்டுக் கிளம்புங்க. கேட்காம போய் 'மூடப்பட்டுள்ளது' போர்டு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்க நிறைய. குடிச்சுட்டு அருவிக்குப் போகாதீங்க. எந்த இன்சூரன்ஸும் அந்தப் பாறையோட வழுக்கலைக் குறைக்காது.

அம்மா மேலேயிருந்து படியை எட்டிப் பார்த்தாங்க. "நீ போய்ட்டு வாடா கண்ணு, எனக்கு அந்த ஆத்து மீனே போதும்"னு உட்கார்ந்துட்டாங்க. நானும் இறங்கலை. மத்தியானம் மாசிலா அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். அது சாதுவான அருவி, நடையும் கம்மி. பெரியவங்க, குழந்தைங்க தைரியமா நிக்கலாம். அம்பத்தெட்டு வயசுல வாழ்க்கையில முதல் தடவையா அருவியில நின்னாங்க. அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. பெற்றோரோட போறவங்க ஆகாய கங்கை, ஆகாய கங்கைன்னு அடம் பிடிக்காதீங்க. நம்ம அருவி, மாசிலா அருவி ரெண்டும் போதும்.

எந்த மாசம்?

வடகிழக்கு பருவமழை முடிஞ்ச கையோட, டிசம்பர், ஜனவரியில அருவியில தண்ணியும் இருக்கும், குளிரும் இருக்கும். பலாப்பழம் வேணும்னா கோடையில வாங்க. ஆடி 17, 18, அதாவது ஆகஸ்ட் முதல் வாரத்துல, அரசு வல்வில் ஓரி விழா நடத்தும். அதே நேரம் ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஜனம் வரும். விழா பார்க்கணும்னா அருமையான நேரம். ரூம் தேடுற நேரம் இல்லை.

எந்த மாசமானாலும் செவ்வாய், புதன் மாதிரி வார நாள்ல போங்க. சனிக்கிழமை 3,800 கேட்ட அதே மாதிரி ரூம் எங்களுக்கு 1,200-க்குக் கிடைச்சது. சுத்திப் பார்க்கப் பேசின ஆட்டோக்காரரும் நிதானமா பேரம் பேசினார். ரெண்டு நாள் லீவு போடுறது கஷ்டம்தான். ஆனா வருஷக் கடைசியில லேப்ஸ் ஆகுற லீவை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?

பணம்: கையில வெச்சுக்கோங்க

யு.பி.ஐ. இருக்குன்னு நூறு ரூபாயோட மலை ஏறாதீங்க. கடைக்காரர் கியூ.ஆர். வெச்சிருப்பார், சிக்னல் இருக்காது. ஏ.டி.எம். செம்மேட்டுல தேடலாம், ஆனா அதுல பணம் இருக்கணும். நாமக்கல்லிலேயே தேவையானதை எடுத்துக்கோங்க, பத்து, இருபது, அம்பது சில்லறையா. நுழைவுச் சீட்டு, பார்க்கிங், பொரி, டீ எல்லாத்துக்கும் சில்லறைதான் ஓடும்.

எங்க ரெண்டு பேர் 5,860 கணக்கு இது: ரயில் ஸ்லீப்பர் போக வர 960, பஸ் 400, ரூம் ஒரு ராத்திரி 1,200, ஆட்டோ ரெண்டு நாளைக்குச் சேர்த்து 1,500, சாப்பாடு 1,100, மிளகும் பழமும் 700. இதுக்காக நான் ஆறு மாசம் முன்னாடியே மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டிருந்தேன். முடிஞ்சு வந்தப்போ ஒரு ரூபாய் கடன் இல்லை. வட்டியில்லா இ.எம்.ஐ.ன்னு ட்ராவல் ஆப்ல காட்டுவாங்க. அதுல ப்ராசஸிங் ஃபீஸும் ஜி.எஸ்.டி.யும் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் அழுத்துங்க. அருவியில குளிச்ச ஈரம் காய்ஞ்சப்புறமும் ஆறு மாசம் அதுக்குத் தவணை கட்டுறது எனக்குப் பிடிக்காது.

சம்பளத்துல எல்.டி.ஏ. இருக்கிறவங்க கவனிங்க. பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் வரிவிலக்கு, புதிய முறையில கிடையாது. இந்தியாவுக்குள்ள, லீவு போட்டுட்டுப் போன பயணமா இருக்கணும். போக்குவரத்துச் செலவுக்கு மட்டும்தான், ரூமும் சாப்பாடும் வராது. நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு தடவை எடுக்கலாம். 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக், அடுத்தது 2026 முதல் 2029. போன பிளாக்ல ஒரு பயணம் எடுக்காம விட்டிருந்தா, அதை 2026-க்குள்ள பயன்படுத்திக்கலாம். உங்களைச் சார்ந்த அப்பா அம்மா டிக்கெட்டும் இதுல சேரும். கொல்லிமலை பஸ் டிக்கெட்டுக்காக இவ்வளவான்னு கேட்காதீங்க, விதி தெரிஞ்சா அடுத்த வருஷம் டெல்லிக்கும் உதவும்.

சோளக்காடு: காசு செலவழிக்க வேண்டிய இடம்

இவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கச் சொன்னேன். சோளக்காட்டுல மட்டும் கொஞ்சம் தாராளமா இருங்க. மிளகு, காபிக்கொட்டை, வாழை, அன்னாசி, பலான்னு மலையில விளையறது கடைக்கு வரும். விளைவிக்கிறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். கேரளா மலையாளி இல்லை, மலையை ஆள்றவங்கன்னு பேர். நாம ஆப்ல கட்டுற ரூம் காசுல எவ்வளவு மலைக்குள்ள நிக்குதுன்னு சொல்ல முடியாது. கீழே உட்கார்ந்து மிளகு விக்கிற அக்காகிட்ட கொடுக்கிற முந்நூறு ரூபாய் முழுசா அங்கேயே நிக்கும்.

மிளகு வாங்கினா ரெண்டு கடையில விலை கேளுங்க, அதுக்கு மேல கசக்காதீங்க. ஒரு பிடி மிளகைத் தண்ணியில போட்டா நல்ல முத்தினது மூழ்கும். பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கிறதைவிட டம்ளர் தண்ணி கேட்டு அங்கேயே பாருங்க. நல்ல சரக்கு வெச்சிருக்கிறவங்க சந்தோஷமாவே காட்டுவாங்க.

தினை, சாமை, ராகி கிடைச்சா வாங்குங்க. ஒரு காலத்துல இந்த மலையே சிறுதானிய மலை. மரவள்ளிக்குக் கைமேல காசுன்னு ஆனதும் நிறைய நிலம் அதுக்கு மாறிடுச்சு, கீழே சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைங்களுக்குக் கிழங்கு வேணுமே. சிறுதானிய விதைங்க அழிஞ்சுடாம இருக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விவசாயிகளோட பல வருஷமா வேலை பார்த்திருக்கு. சென்னை சூப்பர் மார்க்கெட்டுல கண்ணாடி டப்பாவுல இருக்கிற தினைக்குப் பதிலா இதை வாங்கினா ரெண்டு பக்கமும் லாபம்.

அப்புறம் முடவாட்டுக்கால் சூப். ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோட இருக்கிற ஒரு கிழங்கு, பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு வகைப் பெரணியோட தண்டு. மிளகு தட்டிப் போட்டு குளிருக்குக் குடிச்சா சுகம். மூட்டுவலி போயிடும்னு சொல்லி கிலோ கணக்குல கட்டிக் கொடுப்பாங்க. சூப்பை ருசிக்குக் குடிங்க. அம்மாவோட முட்டிவலி மாத்திரையை அதை நம்பி நிறுத்திடாதீங்க. எங்க அம்மா ரெண்டு டம்ளர் குடிச்சாங்க, மாத்திரையையும் போட்டுக்கிட்டாங்க.

திரும்பி வர்ற பஸ் நேரத்தை முந்தின நாள் ராத்திரியே செம்மேடு பஸ் நிக்கிற இடத்துல கேட்டு வெச்சுக்கோங்க, நெட்டுல போட்டிருக்கிற நேரத்தை நம்பாதீங்க. மத்தியானம் 3 மணி பஸ்ஸைப் பிடிச்சா வெளிச்சத்துலேயே காரவள்ளி வந்துடலாம். நாங்க வந்த பஸ்ஸுல முன்னாடி சீட்டுல ஒரு பெரியவர் மடியில பலாப்பழத்தை வெச்சுக்கிட்டு 70 வளைவும் தூங்கிட்டே வந்தார். பழம் ஒரு இஞ்ச் கூட உருளலை. அம்மா இந்தத் தடவை கண்ணை மூடலை, ஒவ்வொரு போர்டா சத்தமா எண்ணிட்டே வந்தாங்க. 41-ஐ மட்டும் விட்டுட்டோம்னு நாமக்கல் வர்ற வரைக்கும் புலம்பல்.